ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றலாமா?

கேள்வி: சைக்கிளில் ஊர் ஊராக முறுக்கு, காராசேவு விற்கிறோம். மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாவது முடிக்கிறாள். வட்டிக்கு வாங்கியாவது டவுன் மெட்ரிக் பள்ளியில் சேர்க்கணும் என்கிறார் வீட்டுக்காரர். கட்டுப்படி ஆகாவிட்டால் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்குத் திரும்பிக்கொள்ளலாமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: திரும்பலாம், சேர்த்துக்கொள்வார்கள். நஷ்டம் பன்னிரண்டாவது முடித்த பிறகுதான் தெரியும். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்குள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்றுதான் பார்ப்பார்கள். நடுவில் மூன்று வருடம் மெட்ரிக்கில் கட்டணம் கட்டிப் படித்தால் இரண்டுமே போச்சு. அரசு உதவிபெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைத்துச் சேர்ப்பவர்களும் உண்டு, 7.5 சதவீதம் அங்கே செல்லாது.

எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு வரும். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத தொழில் என்பதால் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஆதார், பள்ளிப் பதிவேடு, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும். பணம் நின்றுபோவது பெரும்பாலும் இதில்தான்.

கடன் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உங்கள் கையில் காசு புரள்வது தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும். பள்ளிக் கட்டணம் ஜூனில் வந்து நிற்கும். வேன், சீருடை தனி. ஐப்பசி மழையில் வியாபாரம் படுத்தாலும் வார வட்டி நிற்காது.

அதற்காக ஊர்ப் பள்ளியைக் கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு வகுத்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். திணறினால் இப்போதே ஆசிரியரைப் பாருங்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான். ஒன்பதாவதுக்குப் போகும் அரசுப் பள்ளிக்குப் பஸ் நேரம் ஒத்துவருகிறதா என்றும் பார்த்து வையுங்கள். பஸ் பாஸ் இலவசம்.

கேள்வி: பள்ளி விட்டு வந்ததும் முறுக்குப் போட மகளைக் கூப்பிடலாமா?

பதில்: பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்ப வேலையில் பிள்ளைகள் கைகொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பாக்கெட் போடலாம், கணக்கு எழுதலாம். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் விடாதீர்கள். மாவில் காற்று அடைந்திருந்தால் முறுக்கு வெடித்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.