வாசகர் கேள்வி பதில்: கிரசலேமா மலைக்கிராமமும் அதன் சுற்றுப்புறமும்

கேள்வி: லண்டனில் இருக்கும் எங்கள் மகன் அடுத்த வருடம் எங்கள் இருவரையும் தெற்கு ஸ்பெயினுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறார். கிரசலேமா என்ற மலைக்கிராமத்தில் ஐந்து நாட்களுக்கு வீடு எடுக்கப் போவதாகச் சொல்கிறார். பக்கத்திலேயே ரொண்டா என்ற பெயர்பெற்ற நகரம் இருக்கும்போது, இந்தச் சிறிய ஊரில் போய்த் தங்குவதால் என்ன பயன்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகனின் தெரிவு சரியானது. ரொண்டாவைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குவாதலவீன் ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய பெரும்பள்ளத்தின் குறுக்கே, 98 மீற்றர் உயரத்துக்குக் கல்லடுக்கி, 1793இல் கட்டி முடிக்கப்பட்ட பாலம் அங்கே இருக்கிறது. ஆனால் அதற்கு அரைநாள் போதும். நண்பகலில் கடற்கரை விடுதிகளிலிருந்து வந்து இறங்கும் கூட்டத்துக்கு நடுவே நின்று பார்ப்பதைவிட, காலையிலோ மாலையிலோ கிரசலேமாவிலிருந்து போய் வருவதே நல்லது.

கிரசலேமா, அந்தலூசியப் பிரதேசத்தின் காதிஸ் மாகாணத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தில், ஒரு பெரிய சுண்ணாம்புப் பாறையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். மக்கள் தொகை இரண்டாயிரம் அளவில்தான். வீடுகள் எல்லாம் சுண்ணாம்பு பூசியவை, தெருக்கள் குறுகலானவை, பல இடங்களில் படிகளும் உண்டு. முன்னொரு காலத்தில் ஆட்டு உரோம நெசவால் செழித்த ஊர் இது. கம்பளி நெசவு இன்றும் முற்றாக அற்றுப்போகவில்லை. தடித்த கிரசலேமாக் கம்பளியை அங்கேயே வாங்கலாம். நமது காலநிலைக்கு அதனால் பயன் இல்லை என்றாலும் லண்டனில் இருக்கும் மகனுக்கு உதவும்.

ஐந்து நாட்களில் ஒன்றைச் சாஹரா தெ லா சியெரா என்ற பக்கத்துக் கிராமத்துக்கும், ஒன்றை ரொண்டாவுக்கும் அதன் அருகிலுள்ள குகைக்கும், இரண்டை மலைநடைக்கும் கொடுங்கள். மிச்சமுள்ள ஒரு நாளுக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: அந்தலூசியாவின் முஸ்லிம் ஆட்சி என்றால் கிரனாடா, கோர்தோபா ஆகிய பெருநகரங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். மலைக்கிராமங்களில் அக்காலத்துச் சின்னங்கள் ஏதும் உண்டா?
– வாசகர், கல்முனை

பதில்: பெருநகரங்கள் அந்த ஆட்சியின் செல்வத்தைக் காட்டுகின்றன, அது எப்படித் தாக்குப்பிடித்தது, எப்படி வீழ்ந்தது என்பதை அறிய இந்தக் கிராமங்களுக்கே வர வேண்டும். 711இல் வட ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் நிறுவிய ஆட்சி, பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கிரனாடா என்ற ஒரே இராச்சியமாகச் சுருங்கிப்போயிற்று. அப்போது இந்த மலைத்தொடர் அந்த இராச்சியத்துக்கும் வடமேற்கே இருந்த கஸ்தீலிய இராச்சியத்துக்கும் நடுவே எல்லையாக மாறி, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. இந்தப் பகுதியில் ‘எல்லையோரத்து’ என்ற பொருள்படும் ‘தெ லா புரொந்தேரா’ என்ற ஒட்டு இன்றும் பல ஊர்ப்பெயர்களில் நிலைத்திருக்கிறது. ஊர்கள் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கை விட்டுவிட்டுப் பாறை உச்சிகளில் ஏறி உட்கார்ந்திருப்பதற்கும், அநேகமாக ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டை நிற்பதற்கும் இந்த எல்லைப் பகையே பெருமளவில் காரணம்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் சாஹரா. 1407இல் கஸ்தீலியர் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். 1481 டிசம்பர் இறுதியில், புயலடித்த ஓர் இரவில், காவலர்கள் அசந்திருந்த நேரம் பார்த்து, கிரனாடாவின் சுல்தான் அபுல் ஹசன் அலியின் படையினர் மதிலேறி அதை மீட்டார்கள். ஒரு சிறிய கோட்டையைத் திரும்பப் பெற்ற அந்த வெற்றி, கஸ்தீலிய அரசி இசபெல்லுக்கும் அவரது கணவர் அரசர் பெர்னாந்துக்கும் போர் தொடங்க வேண்டிய காரணத்தைக் கையில் கொடுத்தது. அடுத்த ஆண்டே பெரும்போர் மூண்டது. 1483இல் சாஹராவும் 1485இல் ரொண்டாவும் வீழ்ந்தன. 1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனாடா நகரமே சரணடைந்தது. இன்று கிராமத்து வீதியிலிருந்து இருபது நிமிடம் ஏறினால், எஞ்சியிருக்கும் கோபுரத்தை அடையலாம். உள்ளே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. மேலே நின்று நாலாபுறமும் பார்த்தால், அந்தப் பாறைக்காக ஏன் அத்தனை பேர் மடிந்தார்கள் என்பது விளங்கிவிடும்.

ரொண்டாவில் ஆற்றங்கரையில் உள்ள அரபு நீராட்டு மண்டபத்தையும் தவறவிடாதீர்கள். கூரை வளைவுகளில் விண்மீன் வடிவத்தில் துளைகள் வெட்டியிருக்கிறார்கள்; வெளிச்சம் அவற்றினூடாகத் தரையில் விழுகிறது. ஆற்றுநீரை மேலேற்றிய சக்கரம் இருந்த தூணும் அருகிலேயே நிற்கிறது.

இவ்விடத்தில் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டிய 1628இல், போர்த்துக்கலின் முடியும் ஸ்பானிய மன்னரின் தலையிலேயே இருந்தது. அந்த இணைப்பு 1580 முதல் 1640 வரை நீடித்தது. அது முடிவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1638இல், ஒல்லாந்தர் நமது கோட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

கேள்வி: மேலே குறிப்பிட்ட பகுதியில் ஆதிமனிதரின் ஓவியங்கள் உள்ள குகை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பொதுமக்கள் உள்ளே போகலாமா?
– ஆசிரியர், படுவான்கரை

பதில்: போகலாம். ரொண்டாவுக்கு அருகே, பெனவோகான் என்ற ஊரின் எல்லையில் உள்ள பிலேத்தா குகைதான் அது. 1905இல் ஹொசே புயோன் லொபாத்தோ என்ற விவசாயி, வயலுக்கு உரமாக வௌவால் எச்சம் தேடிப் பாறைத் துளை ஒன்றுக்குள் இறங்கியபோது இதைக் கண்டார். 1924இல் இது தேசிய நினைவுச்சின்னம் ஆக்கப்பட்டது. அவரது குடும்பத்தினரே தலைமுறைகளாகப் பார்வையாளர்களை அழைத்துச் சென்று காட்டி வந்திருக்கிறார்கள்.

உள்ளே மின்விளக்கு அலங்காரம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சிறு குழுவாக, கையில் விளக்குடன், ஈரமான படிகளில் மெதுவாக நடக்க வேண்டும். குதிரைகளும் காட்டு மாடுகளும் இருபதாயிரம் ஆண்டுகளையும் கடந்த பழமை உடையவை எனக் கணிக்கப்படுகின்றன. ஆழத்தில் உள்ள ஓர் அறையில் கரிய கோடுகளால் வரைந்த பெரிய மீன் ஒன்று இருக்கிறது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே, மலைக்குகையில், மீனை வரைந்தவரின் மனதில் என்ன இருந்திருக்கும் என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. குழுவின் எண்ணிக்கை மட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் முன்பதிவு செய்துகொண்டு போவதே நல்லது.

கேள்வி: ஸ்பெயின் வறண்ட நாடு என்று படித்திருக்கிறேன். அங்கே எந்த மாதத்தில் போனால் மலைநடைக்கு வசதி?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: பொதுவாக நீங்கள் படித்தது சரி, ஆனால் கிரசலேமா ஒரு விதிவிலக்கு. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, தடையில்லாமல் சமவெளியைக் கடந்து வந்து முதன்முதலாக மோதும் உயரமான சுவர் இந்த மலைத்தொடர்தான். மோதிய காற்று மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 2000 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும் இந்த ஊர், நமது மட்டக்களப்பைவிட அதிக மழை காண்கிறது. அங்கும் ஒக்டோபரில் தொடங்குகிறது மாரி. ஆனால் வசந்தம் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஜூலையிலும் ஓகஸ்ட்டிலும் ஏறக்குறைய ஒரு துளியும் இராது. நமது கச்சான் காற்றுக் காலத்தைப் போலப் புல்லெல்லாம் காய்ந்துவிடும்.

இந்த மழையின் புண்ணியத்தில்தான் ‘பின்சாப்போ’ என்ற ஊசியிலை மரம் பிழைத்திருக்கிறது. உலகம் குளிர்ந்திருந்த காலத்தில் பரவலாக வளர்ந்து, பின்னர் வெப்பம் ஏற ஏற ஒதுங்கிய இந்த மரம், இப்போது ஸ்பெயினில் காதிஸ், மாலகா மாகாணங்களின் சில மலைகளில் மட்டுமே இயற்கையாகக் காடாக நிற்கிறது. ஸ்பெயினில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக 1977இல் முதன்முதலில் அறிவிக்கப்பட்ட இடங்களில் கிரசலேமாவும் ஒன்று. காட்டினூடாக பெனமவோமா என்ற ஊர் வரை செல்லும் பாதை 11 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடியது. தொடக்கத்தில் கடுமையான ஏற்றம். அதைத் தாண்டினால் நிழலும் இறக்கமும். இந்தப் பாதைக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கோடையில் காட்டுத்தீ அபாயத்தை முன்னிட்டுப் பாதைகளை மூடுவார்கள் அல்லது கட்டுப்படுத்துவார்கள். ஆகவே ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமுமே எமது பரிந்துரை. ஜூலை, ஓகஸ்ட்டில் விமானச் சீட்டு எடுத்துவிட்டு மலைநடைக்கு ஆசைப்படுவது வீண்.

கேள்வி: எனக்கு வயது 24. கோட்டை, கோயில் எல்லாம் பெற்றோர் பார்க்கட்டும். இளைஞர்களுக்கு என்ன இருக்கிறது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கார்காந்தா வெர்தே என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இதற்கும் அனுமதி வேண்டும். ஏறத்தாழ 400 மீற்றர் ஆழமான சுண்ணாம்புப் பிளவு. அதன் சுவர்களில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாகக் கூடு கட்டியிருக்கின்றன. காலையில் வெயிலில் பாறை சூடேறிக் காற்று மேலெழத் தொடங்கும்போது அவை ஒவ்வொன்றாக விளிம்பைவிட்டு இறங்கும். இரண்டரை மீற்றர் அகல இறக்கையுடன், பாதையில் நிற்பவரின் கண்மட்டத்தில் மிதந்து போகும். காற்று இறகில் உரசும் சத்தம் காதில் விழும். ஆனால் இந்தப் பாதையில் இறக்கம் முதலிலும் ஏற்றம் முடிவிலும் வருகிறது. களைத்த காலோடுதான் திரும்பி ஏற வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

சாஹராவின் அடிவாரத்து நீர்த்தேக்கத்தில் கயாக் ஓட்டலாம். மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிடும். சேனநாயக்க சமுத்திரத்தில் யானைகள் நீந்துவதைப் படகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பெரிய அதிசயமாகத் தோன்றாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

துவிச்சக்கர வண்டி ஓட்டுவீர்களானால், ஒல்வேரா என்ற ஊரிலிருந்து புவெர்த்தோ செரானோ வரை 36 கிலோமீற்றர் செல்லும் பசுமைப் பாதையே எமது முதல் தெரிவு. 1920களில் புகையிரதப் பாதையாகத் தொடங்கப்பட்ட வேலை அது. 30 சுரங்கங்களைக் குடைந்தார்கள், பாலங்களைக் கட்டினார்கள், நிலையங்களையும் எழுப்பினார்கள், புகையிரதம் மட்டும் கடைசிவரை வரவில்லை. அதே பத்தாண்டில், 1928இல், மட்டக்களப்புக்கு ரயில் வந்துவிட்டது. ஒல்வேராவில் தொடங்கினால் மொத்தத்தில் இறக்கமாக இருக்கும். வண்டி வாடகைக்குக் கிடைக்கும். சுரங்கங்களுக்குள் விளக்கு எரியாத நேரமும் உண்டு. ஆகவே ஒரு ரோச் கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் மரக்கறி மட்டுமே உண்பவர்கள். சமாளிக்க முடியுமா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: முடியும், ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கிரசலேமாவின் பெயரிலேயே வழங்கும் சூப்பில் பன்றியிறைச்சி சேரும். மரக்கறிக் குழம்பு போலத் தோன்றும் பருப்பு, கடலை வகைகளிலும் அது கலந்திருப்பது வழக்கம். முஸ்லிம் வாசகர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தக்காளியை அரைத்துச் செய்யும் குளிர்ந்த கஸ்பாச்சோ, ஒலிவ், ரொட்டி, பயோயா ஆட்டுப்பாலில் செய்த பாற்கட்டி ஆகியன கிடைக்கும். வீடு எடுத்துத் தங்குவதால் சமைத்துக்கொள்வதே எளிது.

கேள்வி: கார் இல்லாமல் அங்கே போக முடியுமா? விசா விபரமும் தேவை.
– வாசகர், செங்கலடி

பதில்: மாலகாவிலோ செவில்லிலோ விமானத்தால் இறங்கி, ரொண்டா வரை பேருந்திலோ புகையிரதத்திலோ வரலாம். ரொண்டாவிலிருந்து கிரசலேமாவுக்கு நாளொன்றுக்கு ஒரு சில பேருந்துகளே உண்டு. வார இறுதியில் அதுவும் குறையும். கார் எடுத்தால் எல்லாம் வசதி. சாஹராவுக்குச் செல்லும் மலைப்பாதை மட்டும் 1100 மீற்றரைத் தாண்டி ஏறி வளைந்து வளைந்து இறங்கும்; மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் பதினெட்டு வளைவுகளைப் பழகியவர்களுக்கு அது புதிதல்ல. தலைசுற்றல் உள்ளவர்கள் முன் இருக்கையில் அமரட்டும்.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். லண்டனுக்குப் போவதற்காக எடுத்த பிரித்தானிய விசா ஸ்பெயினுக்குச் செல்லாது. பொதுவாக, நீங்கள் வசிக்கும் நாட்டிலிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், லண்டனில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், இரண்டையும் புறப்படுவதற்கு முன் இங்கிருந்தே பெற்றுக்கொள்ளுங்கள்.