கூட்டல் ஒரு நொடி, விசாரணை ஒரு நாழிகை

சொந்தமாக ஒரு நிரல் மொழியும் அதைப் படித்து ஓட்டும் இன்டர்பிரட்டரும் எழுதிப் பார்க்கும் வேலூர் வட்டார நண்பர்கள் கேட்டவை இவை. பதில் எனக்குத் தெரிந்த அளவில்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, ஒரு கோடி முறை ஒன்றைக் கூட்டும் லூப், என் இன்டர்பிரட்டரில் பைத்தானைவிட மிக மெதுவாக ஓடுகிறது. நிரலை மரமாக்கி, கிளை கிளையாக நடந்து விடை காண்கிறேன். மரத்துக்குப் பதில் சிறு சிறு கட்டளைகளின் வரிசையான பைட்கோடுக்கு மாறிவிடட்டுமா?

மாறலாம், தம்பி. ஆனால் மரத்தின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். 'எண் = எண் + 1' என்ற வரியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 'எண்' என்ற பெயரை உள் அட்டவணையில் தேடுகிறீர்கள், இல்லை. அதற்கு வெளி அட்டவணை, அங்கும் இல்லை. அதற்கும் வெளியே போய் ஒருவழியாகக் கிடைக்கிறது. பிறகு இரண்டும் எண்கள்தானா என்ற சோதனை, கூட்டல், விடைக்குப் புதிதாக நினைவகம். மதிப்பைத் திரும்ப வைக்க மறுபடியும் அதே தேடல். சத்துவாச்சாரியில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஆயிரமாவது முறை போகும்போதும் பஸ் நிறுத்தத்திலிருந்து கடை கடையாக வழி கேட்பது போல.

நிரல் ஓடுவதற்கு முன்பே ஒருமுறை முழுவதும் படித்து, ஒவ்வொரு பெயருக்கும் 'இரண்டு அடுக்கு வெளியே, மூன்றாவது இடம்' என்று கதவு எண் எழுதிவிடுங்கள். பைத்தானின் வழக்கமான இன்டர்பிரட்டரான சிபைத்தான், ஃபங்ஷனுக்குள் இருக்கும் உள்ளூர் மாறிகளுக்கு இதைத்தான் செய்கிறது: பெயருக்குப் பதில் வரிசை எண். அதே லூப்பை வெளியே வைத்து ஒருமுறையும் ஃபங்ஷனுக்குள் வைத்து ஒருமுறையும் பைத்தானில் ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பது முந்தும். நான் இதை அளந்து பார்க்காமல், இரண்டு வாரம் கூட்டல் பகுதியையே செதுக்கிக்கொண்டிருந்தவன்.

குடியாத்தம், வாசகி: கதவு எண் கொடுத்தேன், வேகம் கூடியது. ஆனால் ஒரு பழைய நிரல் வேறு விடை தருகிறது. வேகத்துக்காக மொழியின் பொருளை மாற்றிவிட்டேனா?

இல்லை அம்மா, மறைந்திருந்த பிழையைப் பிடித்திருக்கிறீர்கள். வெளியே ஊர் = "வேலூர்". ஒரு தொகுதிக்குள் 'ஊர்' என்பதை அச்சிடும் ஃபங்ஷன் எழுதி, ஒருமுறை அழைக்கிறோம். அதே தொகுதியில் அதற்குப் பிறகு, ஊர் = "ஆம்பூர்" என்று புதிய மாறியை அறிவித்து மறுபடி அழைக்கிறோம். பழைய முறையில் முதலில் வேலூர், அடுத்து ஆம்பூர். ஃபங்ஷனில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அது குறிக்கும் மாறி மட்டும் இடம் பெயர்ந்துவிட்டது! எழுதிய இடத்தில் எந்த ஊரோ அதுவே நிலைக்க வேண்டும் என்று முடிவு செய்ததால்தான் கதவு எண்ணே சாத்தியமாயிற்று.

ஆற்காடு, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: தம்பி, −7ஐ 2ஆல் வகுத்தால் ஈவு −3 என்கிறது ஒரு மொழி, −4 என்கிறது இன்னொன்று. எது சரி?

இரண்டும் சரிதான், ஐயா. மீதியும் உடன் மாறினால் போதும். சி மொழி பூச்சியத்தை நோக்கி வெட்டுகிறது: ஈவு −3, மீதி −1. பைத்தானின் முழுஎண் வகுத்தல் கீழ்நோக்கி இறங்குகிறது: ஈவு −4, மீதி 1. என் ஓட்டு பைத்தானுக்கு. ஞாயிறு 0 என்று வைத்தால் செவ்வாய் 2. அதற்கு ஐந்து நாள் முன்னால் என்ன கிழமை? −3ஐ 7ஆல் வகுத்த மீதி பைத்தானில் 4, அதாவது வியாழன். சி முறையில் −3. அப்படி ஒரு கிழமை பஞ்சாங்கத்தில் இல்லை.

ஆம்பூர்: நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலர் சேர்க்கலாமா?

இப்போது வேண்டாம். 2022இல் வந்த பைத்தான் 3.11 ஜிட் இல்லாமலேயே சராசரியாக 1.25 மடங்கு வேகம் பெற்றது. ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப முழுஎண்களே வந்தால், அங்கிருக்கும் பொதுக் கட்டளையை முழுஎண்ணுக்கான கட்டளையாக ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்கிறது. அது தனியொருவர் செய்யக்கூடிய வேலை.

ராணிப்பேட்டை: தவறான பொருளை வைத்து மொழியை வெளியிட்டுவிட்டால், பிறகு திருத்தலாமா?

பிஎச்பி என்ற இணைய நிரல் மொழியில் 0 == "வேலூர்" (இரண்டும் சமம்) என்பது நெடுங்காலம் 'உண்மை' என்றே இருந்தது. 2020இல் 8.0 பதிப்பில்தான் 'பொய்' ஆயிற்று. அதற்குள் அதை நம்பி எழுதிய நிரல்கள் எத்தனையோ. உங்கள் மொழிக்கு இப்போது நீங்கள் ஒருவர்தானே பயனர்? இன்று இரவே திருத்திவிடுங்கள்.