உதடு மரத்துப் போனால் வாதமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். வயது 41. போன வருடம் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டபோது பாதி உதடும் நாக்கும் மரத்து, தொண்டை அடைத்த மாதிரி ஆகி, நெஞ்சு படபடத்தது. என் மாமியாருக்கு வாதத்தில் வாய் கோணியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். இப்போது இன்னொரு பல்லுக்கு ரூட் கெனால் செய்ய வேண்டுமாம். ஊசி வலிகூடப் பரவாயில்லை, அந்த மரப்பை நினைத்தால் கை நடுங்குகிறது. மூன்று மாதமாகத் தள்ளிப்போடுகிறேன்.

பதில்: மாமியாரைப் பற்றி எழுதினீர்களே, பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வாதத்தில் முக்கியமாகக் கெடுவது அசைவு. பல் ஊசியில் கொஞ்ச நேரம் போவது உணர்வு. கீழ்ப்பல், உதடு, நாக்கு இவற்றின் உணர்வை எடுத்துச் செல்லும் நரம்புகளை லிக்னோகெய்ன் மருந்து மறித்து வைக்கிறது, அவ்வளவுதான். உதட்டை அசைக்கும் நரம்பு வேறு. அது காதுப் பக்கமிருந்து வருகிறது.

இந்த முறை ஒரு சின்னக் கைக்கண்ணாடி எடுத்துப் போங்கள். மரத்ததும் உதடு இட்லி மாதிரி உப்பிவிட்டதாகத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் அதே பழைய உதடு! தொண்டை அடைக்கிறதா? எச்சிலை விழுங்கிப் பாருங்கள், இறங்கும். நாக்கு மரப்பதால் வரும் பிரமை அது.

படபடப்புக்குப் பயம் மட்டும் காரணமில்லை. மருந்து அந்த இடத்திலேயே நிற்பதற்காக அதில் துளி அட்ரினலின் கலந்திருக்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். பிரஷர், இதய நோய், தைராய்டு இருந்தால், சாப்பிடும் மாத்திரைகளோடு முன்பே சொல்லிவிடுங்கள். மருந்தை மெதுவாக ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்றும் பேசி வையுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியில் மயங்குகிறவர்கள் நிறைய. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஊசி போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்லில் மரப்பு ஒன்றிரண்டு மணி நேரம், உதட்டிலும் நாக்கிலும் மூன்று முதல் ஐந்து மணி நேரம். பத்து மணிக்குப் போட்டால் மூன்றுக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். உறைபனிக் காலையில் விறைத்த விரலை அடுப்பருகே நீட்டினால் குறுகுறுக்குமே, அதே மாதிரிதான் உணர்வு திரும்பும். அதுவரை சூடான டீ வேண்டாம். எனக்குக் கடைவாய்ப் பல் எடுத்த அன்று, டாக்டர் என்ற நினைப்பில் டீயைக் குடித்து, பாதியைச் சட்டையில் ஊற்றி, உதட்டையும் சுட்டுக்கொண்டேன்.

மறுநாளும் மரப்பு இருந்தால் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். அது அபூர்வம், வந்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடிப்போ, மூச்சில் இளைப்போ வந்தால் அங்கேயே உடனே சொல்ல வேண்டும். கை கால் வலுவிழந்து பேச்சும் குழறினால் அது ஊசியின் வேலை அல்ல, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனியும் தள்ளினால் சீழ் தாடைக்குள் இறங்கலாம். நாள் குறித்ததும் மேஸ்திரியிடம் முழு நாள் லீவு சொல்லிவிடுங்கள். மத்தியானம் தேயிலைக் காட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.