சாம்பார் கொட்டிய சீட் ஏன் சிவந்தது?

கேள்வி: போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வேளச்சேரிக்குத் திரும்பும்போது, பின்சீட்டில் வைத்திருந்த சாம்பார் தூக்கு சாய்ந்துவிட்டது. சீட் வெளிர் பழுப்பு நிறத் துணி. வீட்டுக்கு வந்ததும் சலவைத் தூள் கரைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை சிவந்துவிட்டது. பயந்துபோய் ஒரு வாளி போர் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். இப்போது கறையும் போகவில்லை, சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையம். கதவைத் திறந்தால் புளித்த வாடை வேறு. என்ன செய்யலாம்?

முதலில் அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயம் போனால்தான் கை நிதானமாக வேலை செய்யும். துணி கெட்டுப்போகவில்லை. மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். காரத்தன்மையுள்ள (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான அல்கலி) எது பட்டாலும் அது சிவக்கும். அந்த வளைகாப்பிலேயே பார்த்திருப்பீர்கள், ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் செக்கச்சிவந்துவிடும். உங்கள் சீட்டில் நடந்ததும் அதேதான். சலவைத் தூளில் காரம் உண்டு, ஆப்பசோடாவிலும் உண்டு. மஞ்சள் கறைக்கு ஆப்பசோடா போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு நானும் தொழிலுக்கு வந்த புதிதில் இதே சிவப்பைப் பார்த்துக் கலங்கியிருக்கிறேன்.

சாம்பார் ஒரே கறை அல்ல. தாளித்த எண்ணெய், பருப்பு, புளி, மஞ்சள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். அதனால்தான் ஒரு வாளித் தண்ணீருக்கும் அது அசையவில்லை. தண்ணீர் செய்ததெல்லாம், பருப்பையும் புளியையும் துணி வழியாக அடியிலுள்ள ஃபோமுக்குள் இறக்கியதுதான். வாடை அங்கிருந்து வருகிறது.

காலை 8 மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். மதியத்துக்குமேல் நனைத்த சீட் ராத்திரிக்குள் காயாது, மறுநாள் பூஞ்சை வாடை சேர்ந்துகொள்ளும். போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வெள்ளைப் பருத்தித் துணிகள் வேண்டும். சாயத்துணி என்றால் அதன் சாயம் சீட்டில் ஏறும், கறை வெளியே வருகிறதா என்பதும் தெரியாது.

காய்ந்த துகள்களை வேக்கம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து கறைமேல் ஒற்றுங்கள். சிவப்பு மறுபடி மஞ்சளாகும். கறை போய்விடவில்லை, துணியில் தங்கியிருந்த சலவைத் தூளின் காரம்தான் அடங்கியிருக்கிறது.

அடுத்தது எண்ணெய். இன்னொரு டம்ளரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் அரை டீஸ்பூன் விட்டு நன்றாக நுரைக்க அடியுங்கள். சீட்டில் படவேண்டியது நுரை மட்டும்தான், தண்ணீர் அல்ல. மென்மையான பல் பிரஷ்ஷால் நுரையை லேசாகத் தடவி, உடனே காய்ந்த துணியால் அழுத்தி எடுங்கள். தேய்க்கவே வேண்டாம். தேய்த்தால் நூல் பிசிறடிக்கும், கறையும் பரவும். கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கித்தான் கை போகவேண்டும். பிறகு, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை ஒற்றி எடுத்துவிடுங்கள். இடையில் கறை லேசாகச் சிவந்தால் சோப்பு இன்னும் மிச்சம் என்று அர்த்தம்.

இனி மஞ்சள். மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கிடைக்கும். கை கழுவும் ஜெல் வேண்டாம், பிசுக்கு விட்டுப்போகும். சீட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, சாயம் போகவில்லை என்று உறுதியானபின் தொடங்குங்கள். வெள்ளைத் துணியில் ஸ்பிரிட்டை நனைத்து கறைமேல் சில விநாடி அழுத்தி எடுங்கள். துணியில் மஞ்சள் ஏறியிருக்கும். அதே பக்கத்தைத் திரும்ப வைக்காமல் ஒவ்வொரு முறையும் புதுப் பக்கம் திருப்புங்கள். இருபது முப்பது முறை ஆகலாம், பொறுமை வேண்டும். நான்கு கதவுகளும் திறந்திருக்கட்டும். வெயிலில் கார் சூடாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ இருக்கக்கூடாது.

மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். புடவையில் மஞ்சள் பட்டால் அம்மா மொட்டை மாடியில் காயப்போடுவார்களே, குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்து வெளுத்துப்போவதால்தான் அது பலிக்கிறது. கதவைத் திறந்து, கறைமேல் நேராக வெயில் விழும்படி காரை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிக் காட்டினால் எவ்வளவு குறைந்தது என்று உங்களுக்கே தெரியும். அதற்கும் அசையாத நிழல் இருந்தால் மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு. கடையில் 20 வால்யூம் என்று இருந்தால் அது 6 சதவீதம், சம அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்குங்கள். உங்கள் வெளிர் துணிக்குப் பெரும்பாலும் ஒத்துவரும், இருந்தாலும் ஓரத்தில் சோதித்துவிட்டே போடுங்கள். அடர்நிற சீட் என்றால் நான் இதைத் தொடமாட்டேன், வெளுத்த திட்டு விழும். வினிகரோடு ஒரே பாட்டிலில் இதைக் கலக்கவும் கூடாது, கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும் அமிலம் உண்டாகும். ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போகவேண்டாம்.

அந்த வெள்ளை வளையம் போர் தண்ணீரின் உப்பு. ஈரம் காயும்போது அழுக்கையும் உப்பையும் விளிம்புக்குத் தள்ளிவிட்டுக் காய்கிறது. வளையத்தை மட்டும் துடைத்தால் அதைவிடப் பெரிதாக இன்னொரு வளையம் வரும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை அந்தப் பகுதி முழுவதையும், வினிகர் கலந்த ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே சீராக ஈரப்படுத்தி, காய்ந்த துணியால் ஒற்றுங்கள். தையலோடு ஈரம் நின்றுவிட்டால் கோடு தெரியாது.

வாடைதான் உண்மையில் கஷ்டமான பகுதி. ஃபோமுக்குள் போனது துணியைத் துடைத்தால் வராது. ஈரத்தையும் உறிஞ்சும் வேக்கம் கிளீனர் கிடைத்தால், கொஞ்சம் தண்ணீர் தெளித்து உடனே உறிஞ்சுவதை, உறிஞ்சிய தண்ணீர் தெளிவாக வரும்வரை செய்யுங்கள். பல கார்களில் பின்சீட்டின் அடிப்பகுதி தனியாகக் கழன்று வரும். காரின் கையேட்டைப் பார்த்து, அடியில் ஒயர் ஏதும் இல்லை என்றால் கழற்றி மாடியில் நிறுத்திவைக்கலாம். முன்சீட்டில் இந்த வேலை கூடாது, வாளித் தண்ணீரும் கூடாது. பக்கவாட்டு ஏர்பேக்கும் ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சாரும் அங்கே இருக்கலாம்.

கார் சுத்தம் செய்யும் கடையில் கொடுப்பதென்றால், எக்ஸ்ட்ராக்டர் (தண்ணீரைத் தெளித்து உடனே உறிஞ்சி எடுக்கும் இயந்திரம்) இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நுரை போட்டுத் துடைத்துத் தருவது மட்டும்தான் என்றால் அதை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம். நீராவி அடிக்கிறோம் என்றால், கறை போனபிறகு அடிக்கச் சொல்லுங்கள். பருப்பு, பால், முட்டை, ரத்தம் எல்லாம் சூடு பட்டால் நூலோடு இறுகிவிடும். குழந்தை பால் கக்கினாலும் ஃபில்டர் காபி சிந்தினாலும் பச்சைத் தண்ணீரில்தான் தொடங்கவேண்டும், வெந்நீர் கூடாது.

எல்லாம் முடிந்ததும் ஜன்னல்களைத் திறந்து டேபிள் ஃபேனை சீட்டைப் பார்த்து வையுங்கள். மேலே துணி காய்ந்ததுபோல இருக்கும், நம்பாதீர்கள். ஒரு டிஷ்யூ தாளை சீட்டில் வைத்து முழங்கையால் அரை நிமிடம் அழுத்துங்கள். தாளில் ஈரம் ஏறாத அன்றைக்குத்தான் சீட் கவரை மாட்டவேண்டும்.