மறுபடி இடிப்பதற்கு முன் இரண்டு வாரம் கொடுங்கள்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டைப் புதுப்பித்தோம். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே இடமாக்கினோம். வெள்ளை மார்பிள் மேடை, பளபளப்பான டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் போட்டோம். வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் சமைத்து முடித்தால் எனக்கு முதுகு விட்டுப்போகிறது. பாத்திரச் சத்தத்தில் ஹாலில் யாரும் பேச முடியவில்லை, சமையல் வாசனை படுக்கையறை வரை போகிறது, மேடையில் மங்கலான தடங்கள் விழுந்துவிட்டன. சமையலறையை மறுபடி இடித்துச் செய்யலாமா? அடுத்து படுக்கையறையையும் குளியலறையையும் எடுக்கப்போகிறோம். அதிலும் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: இப்போதைக்கு இடிக்காதீர்கள். நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை இடிக்காமலே தீரக்கூடியவை.

உங்கள் கேள்வியை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். தடங்களைத் தவிர மற்றதெல்லாம் முதுகும் காதும் மூக்கும் சொல்கிற குறைகள். பல வருடமாக வீடு புதுப்பித்தவர்களின் வருத்தங்களைக் கேட்டுவருகிறேன். சுவரின் நிறம் தப்பாகிவிட்டது என்று புலம்பியவர்கள் ஆறு மாதத்தில் அதைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறார்கள். மேடை உயரம் சரியில்லை என்றவர்களுக்கு அந்த வருத்தம் பத்து வருடம் ஆனாலும் போவதில்லை. தினமும் அந்த மேடைமுன் நிற்க வேண்டியிருக்கிறதே! அதனால் எதைத் திருத்துவது என்று முடிவு செய்யும்போது உடம்பு சொல்வதை முதலில் கேளுங்கள், கண் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிச் சமையலறையில் தொங்கவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு, எந்த வேலையின்போது எந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று ஒரே வரியில் எழுதுங்கள். "பாத்திரம் கழுவும்போது இடுப்பு", "இரவில் நறுக்கும்போது கண் தெரியவில்லை" என்கிற மாதிரி. சமைக்கும் எல்லோரும் எழுத வேண்டும். 1926-இல், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக 'ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை'யை வடிவமைத்த ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கியும், சமையலறையில் நடக்கும் வேலைகளையும் அவற்றுக்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் எடுத்துத்தான் அலமாரிகளின் இடத்தைத் தீர்மானித்தார். வரைபடத்துக்கு முன்னால் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். நாம்தான் படத்தைப் பார்த்து ஆரம்பிக்கிறோம்.

சரி, முதுகுக்கு வருவோம். எல்லோரும் மேடையைத்தான் குறை சொல்வார்கள். நான் முதலில் சிங்க்கைப் பார்ப்பேன். நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 10 முதல் 15 செ.மீ. கழித்தால் உங்களுக்கு ஏற்ற மேடை உயரம் கிடைக்கும். முழங்கை 100 செ.மீ. உயரத்தில் இருந்தால் மேடை 85 முதல் 90 செ.மீ. வரை இருக்கலாம். உங்கள் மேடை அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சிங்க்கின் ஆழம் 20 செ.மீ. என்றால், கழுவும்போது உங்கள் கை வேலை செய்வது 65 முதல் 70 செ.மீ. உயரத்தில். மேடை சரியாக இருந்தும் முதுகு வளைவது இதனால்தான். சிங்க்குக்குள் வைக்கிற உயரமான ஸ்டீல் கம்பித் தட்டு ஒன்று போதும், பாத்திரம் 5 முதல் 8 செ.மீ. மேலே வந்துவிடும்.

இன்னொரு இடமும் உண்டு, அதை யாருமே பார்ப்பதில்லை. மேடைக்குக் கீழே, அலமாரியின் அடியில், கால் விரல்கள் நுழைய ஒரு பள்ளம் இருக்கிறதா? 10 செ.மீ. உயரமும் 7 அல்லது 8 செ.மீ. ஆழமும் வேண்டும். அலமாரியைத் தரை வரை நேராக இறக்கியிருந்தால் விரல் இடிக்காமல் இருக்க நீங்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, முன்னால் சாய்ந்துதான் வேலை செய்வீர்கள். ஒரு வீட்டில், மேடையை உடைத்து உயர்த்த வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாவை வழக்கம்போல நறுக்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். குதிகால் தரையில் இருந்தது, ஆனால் உடம்பின் கனம் முழுக்க வயிற்றால் மேடை விளிம்பில் சாய்ந்திருந்தது. அலமாரி சின்னக் கால்கள் மேல் நின்றதால், அடிப்பலகையை மட்டும் கழற்றி உள்ளே தள்ளிப் பொருத்தினோம். தச்சருக்கு அரை நாள் வேலைதான். மேடையைத் தொடவே இல்லை.

மேடை உண்மையிலேயே தாழ்வாக இருந்தால், தடிமனான வெட்டுப்பலகை ஒன்று 4 அல்லது 5 செ.மீ. உயர்த்திக் கொடுக்கும். உயரமாக இருந்தால்தான் சிக்கல். காலடியில் பலகை போட்டு ஏறி நிற்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அது கூடாது. சூடான பாத்திரத்தோடு திரும்பும்போது தடுக்கும். பிசைவதற்கும் நறுக்குவதற்கும் தனியாகத் தாழ்ந்த மேஜை ஒன்று போட்டுக்கொள்வதே நல்லது.

அப்புறம் வெளிச்சம். இதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஃபால்ஸ் சீலிங் என்றதும் எனக்குச் சந்தேகம். இன்று இரவு நறுக்கும்போது வெட்டுப்பலகையைப் பாருங்கள். விளக்கெல்லாம் கூரையின் நடுவில் இருந்தால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் எரிகிறது. உங்கள் தலையின் நிழல் கத்தி மேலேயே விழும். அதைப் பார்க்கக் குனிவீர்கள், கழுத்து வலி அங்கிருந்துகூட வரும். மேல் அலமாரியின் அடியில், சுவர்ப்பக்கமாக இல்லாமல் முன்விளிம்பை ஒட்டி, எல்இடி பட்டை பொருத்துங்கள். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் 3000 முதல் 4000 வரை இருந்தால் நல்லது. பட்டையின் மேல் பால்நிற மூடி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பளபளப்பான கல்லில் ஒவ்வொரு புள்ளியும் கண்ணில் குத்தும்.

வாசனைக்கு முதல் கேள்வி: உங்கள் சிம்னி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிறதா? உள்ளேயே விடுகிற வகை எண்ணெயை ஓரளவு பிடிக்கும். நீராவியை அதனால் எதுவும் செய்ய முடியாது, வாசனையும் கரி ஃபில்டர் புதிதாக இருக்கும் வரைதான் அடங்கும். திறந்த சமையலறைக்கு வெளியே குழாய் போகிற வகைதான் சரி. குழாயில் வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சிம்னியைப் போட்டுவிட்டு, சமைத்து முடித்த பிறகும் 10 நிமிடம் ஓடவிடுங்கள். வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும், அதனால் ஹால் பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். அப்போது காற்றோட்டம் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும், வாசனை எதிர்த்து வராது.

சத்தத்துக்குக் காரணம் சுவர் போனது மட்டுமில்லை. டைல்ஸ், கல், கண்ணாடி எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புகிற பரப்புகள். ஹாலில் கனமான திரைச்சீலையும் தடிமனான விரிப்பும் போட்டுப் பாருங்கள், எதிரொலி குறைவது உடனே தெரியும். அது போதாவிட்டால், சுவர் இருந்த இடத்தில் நகர்த்துகிற கண்ணாடிக் கதவு வைக்கலாம். சத்தம், வாசனை இரண்டுக்கும் பதில் அதுதான்.

கல்லில் இருப்பது கறையா, அரிப்பா என்று பிரித்துப் பாருங்கள். கருமையாக ஊறியிருந்தால் கறை. சோடா மாவைக் குழைத்துப் பூசி, மூடி ஒரு நாள் விட்டால் எண்ணெய்க் கறை ஓரளவு வரும். பளபளப்பு மட்டும் போய் மங்கலாக இருந்தால் அது அரிப்பு. மார்பிள் கால்சியம் கார்பனேட், எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் மேற்பரப்பு கரைந்துவிடும். கல்லின் துளைகளை அடைக்கிற சீலர் பூச்சை எவ்வளவு பூசினாலும் இதைத் தடுக்காது. நீங்கள் சொல்கிற மங்கலான தடம் இதுவாகத்தான் இருக்கும். மெருகேற்றுகிறவரிடம் சொல்லி, பளபளப்பே இல்லாத மங்கலான மெருகுக்கு மாற்றிவிடுங்கள். அதில் புதிய தடங்கள் அவ்வளவாகத் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். எடுத்த சுவர் பாரம் தாங்கும் சுவரா என்று அப்போது கட்டமைப்புப் பொறியாளர் யாராவது பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே கூப்பிடுங்கள். அந்தப் பக்கத்துக் கதவு ஏதாவது புதிதாக இறுகியிருந்தாலோ, கூரையில் சாய்வான விரிசல் இருந்தாலோ இன்றைக்கே.

அடுத்த வேலைக்கு வருவோம். குளியலறையில் பணத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போடுங்கள். நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். கீழேயோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரியாவிட்டால்தான் மேலே போக வேண்டும். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், டைல்ஸ் இடைவெளிகளை அடைக்க எபாக்சி கிரவுட் என்கிற பிசின் கலவை. சுவரை மூடும் முன் குழாய், ஒயர் எல்லாவற்றையும் அளவு டேப்பை ஒட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு கைப்பிடி பொருத்த ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும்.

படுக்கையறைக்கு, வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் தரையில் டேப் ஒட்டுங்கள். துணி அலமாரிக்கு 60 செ.மீ. ஆழம், கட்டிலின் நீள அகலம், கதவு திறக்கிற வளைவு எல்லாவற்றையும் உண்மை அளவில் ஒட்டுங்கள். கட்டிலைச் சுற்றி நடக்க 70 செ.மீ.யாவது மிஞ்ச வேண்டும். ஒரு வாரம் அந்தக் கோடுகளைத் தாண்டாமல் அறையில் புழங்குங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கை தானாக எந்தப் பக்கம் சுவிட்சைத் தேடுகிறதோ அங்கே சுவரில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். எலக்ட்ரீஷியன் வரும்போது அந்தக் குறியைக் காட்டினால் போதும்.