ரீசெட் ஆகாத லேப்டாப்பை அப்படியே கொடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் அம்மா ஒருவரின் மகள் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். விண்டோஸ் 10 உள்ள என் பழைய லேப்டாப்பை அவளுக்குக் கொடுக்க விரும்புகிறேன். ஆனால் ‘எல்லாவற்றையும் அகற்று’ என்று ரீசெட் கொடுத்தால், சிறிது நேரம் ஓடிவிட்டு, ‘சிக்கல் ஏற்பட்டது, எந்த மாற்றமும் செய்யப்படவில்லை’ என்று பழைய திரைக்கே திரும்பிவிடுகிறது. என் கோப்புகளை நானே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டுக் கொடுத்தால் போதாதா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: போதாது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்போது கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் நீங்குகிறதே தவிர, ஹார்டு டிஸ்கில் அதன் உள்ளடக்கம் வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள்களே அதை வெளியே எடுத்துவிடும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும், எப்போதோ பதிவிறக்கிய ஆதார் நகலும், வங்கிக் கணக்கு அறிக்கையும் நீங்கள் அழித்த கோப்புறைகளுக்கு வெளியே வேறெங்காவது இருக்கக்கூடும். அந்தப் பெண்ணை நம்பலாம். ஆனால் அந்த லேப்டாப் நாளை பழுதுபார்க்கும் கடைக்கும் போகும், வேறு கைக்கும் மாறும்.

ரீசெட் ஏன் தோற்கிறது என்பதைப் பார்ப்போம். இந்த வசதி, வட்டின் ஒரு சிறிய பகுதியில் தனியே இருக்கும் மீட்புச் சூழலையும், கணினியில் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் கோப்புகளையும் நம்பியே இயங்குகிறது. அந்தச் சூழல் முடங்கியிருந்தாலும் கோப்புகள் பழுதாகியிருந்தாலும் வேலை பாதியில் நின்றுவிடும். 2025 ஆகஸ்டில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பே விண்டோஸ் 10-இலும் விண்டோஸ் 11-இன் சில பதிப்புகளிலும் ரீசெட்டைத் தோற்கச் செய்தது. மைக்ரோசாஃப்ட் அதே மாதம் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. ஆகவே நிலுவையில் உள்ள புதுப்பிப்புகளை முதலில் நிறுவிவிடுங்கள்.

அடுத்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்டு பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ஆர், இ, ஏஜென்ட், சி ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒட்டித் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோட்டுடன் ‘இன்ஃபோ’ என்று கொடுங்கள் (reagentc /info). மீட்புச் சூழல் முடக்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தால், ‘இன்ஃபோ’ இருந்த இடத்தில் ‘எனேபிள்’ என்று கொடுத்து அதை இயக்கிவிட்டு ரீசெட்டை மறுபடி முயலுங்கள். அப்போது ‘கிளவுட் டவுன்லோடு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், பழுதான கோப்புகளை நம்பாமல் புதிய பிரதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். அதற்குச் சுமார் 4 ஜிபி செலவாகும் என்பதால், கைப்பேசி டேட்டாவில் செய்வதானால் மீதம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவும் பலிக்காவிட்டால் ரீசெட்டை விட்டுவிடுங்கள். பென்டிரைவ் வழியே புதிதாக நிறுவுவதுதான் என் பார்வையில் உறுதியான வழி. அதற்கு முன், அந்தப் பெண்ணுக்காக ஒன்றை யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்குமானால் அதையே போடுங்கள். ஏற்காவிட்டால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிக் கொடுப்பது, பாதுகாப்பு இல்லாத விண்டோஸைக் கொடுப்பதைவிட மேலானது. கல்லூரிப் படிப்புக்கு வேண்டிய எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் அது போதும்.

விண்டோஸ் 11 என்றால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் ‘மீடியா கிரியேஷன் டூல்’ கொண்டு, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை இதே லேப்டாப்பிலேயே தயார் செய்யலாம். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும். லேப்டாப்பை அணைத்து மீண்டும் இயக்கும்போது, டெல், லெனோவா என்றால் எஃப் 12, எச்பி என்றால் எஃப் 9 விசையைத் தட்டிப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவல் திரை வந்ததும் ஷிஃப்ட், எஃப் 10 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் ‘டிஸ்க்பார்ட்’, பிறகு ‘லிஸ்ட் டிஸ்க்’ என்று கொடுத்தால் வட்டுகள் எண்ணோடும் அளவோடும் வரிசையாகத் தெரியும். பென்டிரைவும் அந்த வரிசையில் இருக்கும் என்பதால், அளவைப் பார்த்து லேப்டாப்பின் வட்டு எது என்று நிச்சயித்துக்கொண்டு, ‘செலக்ட் டிஸ்க்’ என்பதோடு அதன் எண்ணைக் கொடுத்துத் தேர்ந்தெடுத்து, ‘கிளீன் ஆல்’ என்று கொடுங்கள். வட்டு முழுவதிலும் பூஜ்யங்கள் எழுதப்படும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் பல மணி நேரம் பிடிக்கும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை வட்டு என்றால், விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில், வட்டை முழுதாக அழிக்கும் ‘செக்யூர் இரேஸ்’ வசதி இருக்குமானால் அதுவே பொருத்தமானது.

இந்த வேலையை மழை நாளில் தொடங்காதீர்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பழைய பேட்டரி அவ்வளவு நேரம் தாங்காது. நிறுவல் பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்களுக்கு வேண்டிய படங்களையும் ஆவணங்களையும் அழிப்பதற்கு முன்பே வேறிடத்தில் எடுத்துவைத்து, அவை அங்கே திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். பூஜ்யங்கள் எழுதிய பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைத் திருப்பித் தர முடியாது.

நிறுவும்போது ‘புராடக்ட் கீ’ கேட்டால், இல்லை என்று சொல்லி முன்பிருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோமையே, தேர்ந்தெடுங்கள். உரிமம் லேப்டாப்பின் மதர்போர்டோடு பதிவாகியிருந்தால் இணையம் கிடைத்ததும் தானே செயல்படும். நாடு, கணக்கு ஆகியவற்றைக் கேட்கும் முதல் திரை வந்ததும் லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். அந்தப் பெண் தன் பெயரிலேயே தொடங்கிக்கொள்ளட்டும். பயாஸுக்குக் கடவுச்சொல் வைத்திருந்தால் நீக்குங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் இந்த லேப்டாப்பை அகற்றிவிடுங்கள்.