பூட்டியின் காணி உறுதியைத் தேடுங்கள்

அன்புள்ள அக்கா,

நான் கனடாவின் ஸ்காபரோவில் பிறந்தவன். என் பூட்டன் 1950களின் நடுவில் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து வன்னியிலுள்ள கிளிநொச்சிக்குப் போய், யாருமே இல்லாத காட்டைத் தனியாளாக வெட்டி வயலாக்கியவர். தீப்பந்தத்தோடு யானைகளை விரட்டியவராம். மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் கிடைத்த அரசாங்கக் காணிப் பெர்மிட்டின் பிரதி எங்களிடம் இருக்கிறது. அவரையும் குடும்பத்தையும் பற்றி எழுத ஆசை. எந்த ஆவணங்களை எங்கே தேடலாம்? டிஎன்ஏ பரிசோதனை உதவுமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

டிஎன்ஏயை விடுங்கள். அது உங்களுக்குத் தெரியாத நாலு மச்சான்மாரைக் காட்டித் தரும், பூட்டனின் வயல் எந்த வாய்க்காலில் இருந்தது என்று சொல்லாது. யானையும் இருந்திருக்கலாம், வன்னிக்குப் போன எல்லார் வீட்டிலும் ஒரு யானை உண்டு. ஆனால் ‘யாருமே இல்லாத காடு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அங்கே குளத்துக்குக் குளம் ஊர் இருந்தது. 1803இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது மரங்களைக் கூட்டிக்கொண்டு போயா? ‘தனியாளாக’ என்பதும் சரியில்லை. அந்தக் காலத்துக் குடியேற்றத் திட்டங்களில் பெருங்காட்டைப் பெரும்பாலும் அரசாங்கமே கூலியாட்களை வைத்து வெட்டுவித்தது. மிச்சம் வேர் பிடுங்கினதும் வரம்பு கட்டினதும் குடும்பம்.

குடும்பம் என்றுதான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பூட்டியின் பெயர் எங்கே? கடிதத்தை இரண்டாம் முறையும் வாசித்தேன். யானைக்கு ஒரு வரி கொடுத்த பிள்ளை, பூட்டிக்கு அரை வரி கொடுக்கவில்லை. கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

உங்கள் பூட்டனுக்கு அந்தக் காணி எப்படிக் கிடைத்தது தெரியுமா? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி காணிக் கச்சேரி, அதாவது காணி கொடுக்க ஆட்களைத் தெரிவு செய்யும் கூட்டம், வைப்பார்கள். விண்ணப்பித்தவர்கள் வந்து நிற்க வேண்டும். காணியில்லாதவரா, கமம் தெரிந்தவரா, கல்யாணம் முடித்தவரா, எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துத்தான் தெரிவு. ஆக, மனைவியும் பிள்ளைகளும் இருந்தது அவருக்குப் பெரிய தகுதி. காணி கிடைத்த பிறகு பெர்மிட்டில் அவருடைய பெயர் மட்டும். அடுத்த உரித்தாளரை அவர் பெயர் குறிக்காமல் செத்துப்போனால், சட்டத்தின் அட்டவணைப்படி மகளுக்கு முன் மகன், பேத்திக்கு முன் பேரன். பெண்சாதிக்கு உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை, அதுவும் மறுமணம் செய்தால் போய்விடும். அட்டவணையில் ஆண், பெண் வித்தியாசத்தை எடுப்பதற்கு 2022 ஆகிவிட்டது.

இது யாழ்ப்பாணத்திலிருந்து போன சனத்துக்கு நடந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பெண்களுக்கு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை, தன் சீதனக் காணியை விற்கவே அவளுக்குப் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆனாலும் வீடும் வளவும் அவள் பெயரில் இருந்தது, மகளுக்குப் போனது. யாழ்ப்பாணத்தை விட்டுப் பரந்தன் தாண்டினதும் அவள் பெயர் ஒரு காகிதத்திலும் இல்லை.

என் அம்மம்மாவும் கிளிநொச்சி இரணைமடுக் குளத்து வாய்க்காலில்தான் கமம் செய்தவர். சிறுபோகத்துக்கு, அதாவது கோடை விதைப்புக்கு, குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. பங்கு பிரித்துத்தான் விடுவார்கள், முறை சில நாள் நடுச்சாமத்தில் வரும். அம்மப்பாவுக்கு மலேரியா விட்டுவிட்டு வரும், ஆகவே மண்வெட்டியும் அரிக்கன் லாம்பும் எடுத்துக்கொண்டு வரம்பில் போவது அம்மம்மா. மேல் வயல்காரன் மடையை அடைக்காமல் விட்டால் தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டவிதானையின் வீட்டு வாசலில் விடியுமுன் நின்று சண்டை பிடிப்பதும் அவர்தான். அரிவு வெட்டுக் காலத்தில் உப்பட்டி (அரிந்து வைத்த கதிர்க்குவியல்) எத்தனை, யாருக்கு எவ்வளவு கூலி நெல் என்ற கணக்கு முழுக்க அவர் தலையில். அம்மப்பா போன பிறகு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோவையைத் திறக்கவேயில்லை, “ஆம்பிளைப் பிள்ளை ஒருத்தரும் இல்லையோ?” என்று கேட்டார். அம்மம்மா அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பெர்மிட்டின் இலக்கத்தைக் கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கோவை இருக்கிறதா என்று கேளுங்கள். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது, எனவே பழைய கடிதங்கள் யாழ்ப்பாணக் கச்சேரியோடு, அதாவது மாவட்டச் செயலகத்தோடு, அழிந்து போயிருக்கலாம். அந்தப் பழைய கட்டடம் போரில் இடிந்தது. அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

பூட்டியின் சீதன உறுதியை, அதாவது சீதனமாகக் காணி எழுதிக் கொடுத்த பத்திரத்தை, தேடுங்கள். நொத்தாரிசு (பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) உறுதி எழுதினால் அதன் இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். சீதன உறுதியில் பெண்ணின் பெயர், தாய் தகப்பன் பெயர், மாப்பிள்ளை பெயர், காணியின் பெயர், எத்தனை பரப்பு, என்ன நகை என்று எல்லாம் இருக்கும். அதைவிட முக்கியம் எல்லைகள். கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே இன்னாருடைய காணி என்று எழுதியிருப்பதில் பாதி அவளுடைய சகோதரிகளாக இருக்கும், ஏனென்றால் ஒரே வளவைத்தான் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். தாய்க்கு அது எப்படி வந்தது என்ற பழைய உறுதியின் இலக்கமும் இருக்கும். அதைப் பிடித்துப் போனால் மூன்று தலைமுறை வரும். பூட்டனின் பெர்மிட்டை வைத்து நீங்கள் ஒரு தலைமுறைகூடப் பின்னால் போக முடியாது. 1950களில் அந்தச் சீதனக் காணி ஈடு வைக்கப்பட்டதா, விற்கப்பட்டதா என்றும் பாருங்கள். முதல் போகத்துக்கு மாடும் விதைநெல்லும் எந்தக் காசில் வந்தன என்பது அதில் தெரியக்கூடும்.

இன்னொன்றும் கேளுங்கள். 1958, 1977 இனக்கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த சனம் வன்னியில் இப்படிப்பட்ட வயல்களில்தான் கூலிக்கு நின்றது. 1948இல் குடியுரிமை பறிபோன அந்த மலையகத் தமிழருக்குப் பெர்மிட் எங்கே கிடைக்கப் போகிறது? உங்கள் வீட்டு வயலில் யார் நாற்று நட்டார்கள், அவர்கள் எந்தக் கொட்டிலில் இருந்தார்கள் என்று வயதானவர்களிடம் விசாரியுங்கள். சொல்லத் தயங்குவார்கள், விடாதீர்கள்.

இந்தக் கிழமையே உங்கள் அப்பாவின் சகோதரிகளுக்கு போன் எடுங்கள். சித்தப்பாமாரிடம் கேட்காதீர்கள், அவர்கள் வீரக்கதைதான் சொல்வார்கள். மாமிமாருக்குப் பூட்டியின் பெயர், அவளின் ஊர்க் குறிச்சி, காணியின் பெயர் தெரிந்திருக்கும். உறுதி கிடைத்து வாசிக்கச் சிரமமாக இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். பழைய நொத்தாரிசுமாரின் கையெழுத்து எனக்குப் பழக்கம்.

அன்புடன்,
அக்கா